அறுந்த நூலில் பிறந்த கணிதம்

40-ஆம் நம்பர் நூல் ஒரு கிலோவை ஒரே இழையாகப் பிரித்து நீட்டினால் சுமார் 68 கிலோமீட்டர் வரும். கோயம்புத்தூரில் ஒரு முனையைக் கட்டிவிட்டு நடந்தால் பொள்ளாச்சியைத் தாண்டி உடுமலைப்பேட்டையை நெருங்கிவிடலாம். 840 கஜம் கொண்ட சிட்டாக்கள் 40 சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை என்பதுதான் அந்த நம்பரின் பொருள். வேண்டுமானால் காகிதத்தில் பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம்.

இவ்வளவு நீளமும் ஒரே உறுதியோடு இருக்க வழியே இல்லை. பஞ்சின் இழை ஒவ்வொன்றும் அரை அங்குலம், ஓர் அங்குலம், மிஞ்சிப்போனால் ஒன்றரை அங்குலம். அவற்றை முறுக்கி அடுக்கித்தான் நூல் உருவாகிறது. ஓரிடத்தில் இழைகள் கூடிப் பருக்கும், ஓரிடத்தில் குறைந்து மெலியும். மில்லில் ரிங் பிரேம்களுக்கு நடுவே சைடர் பெண்கள் ஷிப்டு முழுக்க நடந்துகொண்டே இருப்பது, மெலிந்த இடத்தில் அறுந்த நூலை ஒட்டுவதற்காகத்தான். தறிக்குப் போனால் பிரச்சினை இன்னும் பெரிது. ஒரு பாவில் 6,000 இழைகள், ஒவ்வொன்றும் 1,000 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 6,000 கிலோமீட்டர் நூல். அதில் ஒரே ஓரிடம் அறுந்தாலும் தறி நின்றுவிடும்.

அப்படியானால் அந்த நூலின் உறுதி என்று எதைச் சொல்வது? சராசரியைச் சொல்லிப் பயனில்லை. தறியை நிறுத்துவது சராசரி இடமல்ல. 6,000 கிலோமீட்டரில் எங்கோ ஒளிந்திருக்கும் மிக மெலிந்த ஒரு புள்ளி. ஒரு மீட்டர் நூல் குறிப்பிட்ட இழுவையைத் தாங்கும் வாய்ப்பு 1,000-க்கு 999 என்றால் நல்ல நூல் என்றே தோன்றும். அதே நூலின் 1,000 மீட்டர் நீளம் முழுவதும் தாங்க வேண்டுமானால், 0.999 என்ற எண்ணை ஆயிரம் முறை பெருக்க வேண்டும். விடை 0.37. நூறு பாவிழைகளில் 37 மட்டுமே தப்பும். நீளத்தை இரட்டிப்பாக்கினால் தப்புவது 13 அல்லது 14. நூல் அதேதான், பஞ்சும் அதேதான். நீளம் கூடக் கூட மோசமான புள்ளி ஒன்று உள்ளே வந்து சேரும் வாய்ப்பும் கூடுகிறது.

இந்தச் சிக்கலோடு வாழ்நாள் முழுதும் மல்லுக்கட்டிய ஒருவர்தான் இன்று வெள்ளம், புயல், வெப்ப அலை, காப்பீடு என எல்லா இடத்திலும் பயன்படும் உச்ச மதிப்புகளின் கணிதத்துக்கு அடித்தளம் போட்டவர்களில் முதன்மையானவர். லெனார்ட் ஹென்றி கேலப் டிப்பெட் என்பது அவர் பெயர். 1902-இல் லண்டனில் பிறந்து, இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையான கார்ன்வாலில் வளர்ந்தவர். இம்பீரியல் கல்லூரியில் இயற்பியல் படித்தார். 1925-இல் மான்செஸ்டரில் பிரிட்டிஷ் பருத்தித் தொழில் ஆராய்ச்சிச் சங்கத்தில் வேலைக்குச் சேர்ந்தார். 1965-இல் ஓய்வுபெறும்வரை அங்கேயே இருந்தார். பருத்தி மில்களுக்காகவே நாற்பதாண்டு உழைத்த கணிதர் அவர்.

அந்தச் சங்கத்தின் ஆய்வகத்துக்கு ஷர்லி நிறுவனம் என்று பெயர். கட்டடம் வாங்க நன்கொடை கொடுத்த நாடாளுமன்ற உறுப்பினர் வில்லியம் கிரீன்வுட் தன் மகளின் பெயரை வைக்கச் சொன்னார். நம்மூர் மில்களின் தர ஆய்வுக்கூடத்தில் பஞ்சிலுள்ள குப்பையைப் பிரித்து எடைபோடும் கருவியை ஷர்லி அனலைசர் என்பார்களே, அந்த ஷர்லி இவள்தான்.

டிப்பெட் லண்டனில் கார்ல் பியர்சனின் ஆய்வகத்திலும், ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் ரொனால்டு ஃபிஷரிடமும் புள்ளியியல் கற்றார். அந்த இருவரும் ஒருவரையொருவர் சகித்துக்கொள்ளாதவர்கள். இருவரிடமும் நல்ல மாணவராக இருக்க முடிந்தது டிப்பெட்டின் இயல்பைப் பற்றி ஏதோ சொல்கிறது. 1925-லேயே, ஒரு கூட்டத்திலிருந்து பத்து, நூறு, ஆயிரம் என்று மாதிரிகள் எடுத்தால் அவற்றில் மிகப் பெரியதும் மிகச் சிறியதும் எவ்வளவு விலகி நிற்கும் என்று கணக்கிட்டு அட்டவணை வெளியிட்டார். அடுத்த ஆண்டு அதே நிறுவனத்தைச் சேர்ந்த பியர்ஸ், நூலின் பலம் அதன் மிக மெலிந்த பகுதியின் பலமே என்ற கருத்தைக் கணித வடிவில் எழுதினார். 1928-இல் ஃபிஷரும் டிப்பெட்டும் சேர்ந்து கேம்பிரிட்ஜ் தத்துவக் கழகத்தின் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அந்தக் கட்டுரையின் நடுவிலிருக்கும் யோசனை அவ்வளவு எளிமையானது, அவ்வளவு அழகானது. அதை மட்டும் நிதானமாகப் பார்த்துவிடலாம்.

நூறு ஆண்டுகளில் பெய்த மிகப் பெரிய ஒருநாள் மழையைக் கண்டுபிடிக்க இரண்டு வழிகள். நூறு ஆண்டுக் கணக்கையும் ஒரேயடியாகப் புரட்டி உச்சத்தைத் தேடலாம். அல்லது பத்துப் பத்து ஆண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு பத்தாண்டின் உச்சத்தையும் குறித்துக்கொண்டு, அந்தப் பத்து உச்சங்களில் உச்சத்தை எடுக்கலாம். இரண்டுக்கும் விடை ஒன்றே. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் இதற்குள் ஒரு கடுமையான நிபந்தனை இருக்கிறது என்பதை ஃபிஷரும் டிப்பெட்டும் கண்டார்கள். பத்தாண்டு உச்சங்கள் ஏதோ ஒரு பரவல் விதிப்படி அமைகின்றன என்றால், நூறாண்டு உச்சங்களும் அதே வடிவ விதிப்படிதான் அமைய வேண்டும். அளவுகோல் மட்டும் நகரலாம், நீளலாம். உச்சங்களின் உச்சம் எடுத்தாலும் வடிவம் மாறக் கூடாது. இந்த நிபந்தனைக்கு உட்படும் வடிவங்கள் எத்தனை என்று தேடினால், முடிவில்லாமல் கிடைக்கும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். கிடைத்தவை மூன்றே மூன்று.

அந்த மூன்றைத் தவிர நான்காவது கிடையாது. நூலா, ஆறா, காற்றா என்பதைப் பற்றிக் கணிதத்துக்குக் கவலையில்லை. மூல எண்கள் எப்படிப் பரவியிருந்தாலும், அவற்றின் உச்சங்கள் ஒரு நிலையான வடிவத்துக்கு வந்துசேருமானால், அது இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். பிரான்சில் மொரீஸ் ஃபிரெஷே 1927-இல் ஒரு வடிவத்தைத் தனியாகக் கண்டிருந்தார். முழுமையான நிரூபணத்தை 1943-இல் சோவியத் கணிதர் க்னெதென்கோ கொடுத்தார். நம் நாட்டிலும் இதில் கை வைத்தவர்கள் உண்டு. இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் சங்க்யா இதழில் 1965-இல் ஜெயராம் சேதுராமன், இந்த மூன்று வடிவங்களையும் அடையாளம் காண இன்னொரு பாதை காட்டினார். அரிய நிகழ்வுகளின் நிகழ்தகவு எவ்வளவு வேகமாகத் தேய்கிறது என்பதை ஆராயும் பெரும் விலகல் கோட்பாட்டுக்காகச் சென்னையில் பிறந்த எஸ்.ஆர்.எஸ். வரதன் 2007-இல் ஏபெல் பரிசு பெற்றார். அது வேறு கிளை என்றாலும் நெருங்கிய உறவுடையது.

மூன்று வடிவங்களையும் கொங்கு நாட்டை வைத்தே புரிந்துகொள்ளலாம். கோடையில் கோயம்புத்தூரின் உச்ச வெப்பநிலை ஏறும். ஆனால் வரம்பின்றி ஏறாது. சூரியனும் காற்றும் மண்ணும் சேர்ந்து போடும் ஒரு கூரை இருக்கிறது. இப்படி எல்லை உள்ள உச்சங்களுக்கு ஒரு வடிவம். நூலின் உறுதி பூச்சியத்துக்குக் கீழே போக முடியாது என்பதால் அதன் மெலிந்த புள்ளிகளும் இந்த வகையே. ஸ்வீடன் பொறியாளர் வைபுல் பெயரால் இதைச் சொல்கிறார்கள். இரண்டாவது வடிவத்தில் கூரை இல்லை, ஆனால் பெரியவை மிக விரைவாக அரிதாகிக்கொண்டே போகும். ஆண்டின் பலத்த காற்று, ஆற்றின் பெருவெள்ளம் ஆகியவற்றுக்கு நெடுங்காலமாக இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். மூன்றாவது, ஃபிரெஷேயின் வடிவம், அச்சம் தரக்கூடியது. அதில் பெரியவை அரிதாவது மெதுவாக நடக்கும். இதுவரை கண்ட உச்சத்தை நெருங்காமல், ஒரே தாவலில் அதைத் தாண்டிப் போகும் நிகழ்வுகளுக்கு அங்கே இடமுண்டு. உலகெங்கும் 15,000-க்கும் மேற்பட்ட மழைமானிப் பதிவுகளை அலசி 2013-இல் வெளியான ஓர் ஆய்வு, ஒருநாள் உச்ச மழை பெரும்பாலும் இந்த மூன்றாவது வகையையே ஒத்திருக்கிறது என்று காட்டியது.

கேத்தியில் நடந்ததை இங்கே சொல்ல வேண்டும். 2009 நவம்பர் 10 அன்று பதிவான 24 மணி நேரத்தில் நீலகிரியின் கேத்தியில் 82 சென்டிமீட்டர் மழை பெய்தது. மலைச்சரிவுகள் இடிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் இருக்கும் கோயம்புத்தூர் நகரம் ஓர் ஆண்டு முழுவதும் பெறும் மழையே ஏறத்தாழ 65, 70 சென்டிமீட்டர்தான். 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தூத்துக்குடி மாவட்டத்தின் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. அதுவும் வறண்ட கரை. ஓர் ஆண்டுக்கான மழையைவிட அதிகம் ஒரே நாளில். சராசரி மழையை வைத்து மட்டும் திட்டமிடுகிறவருக்கு இந்த இரண்டு நாள்களும் கண்ணுக்கே தெரியாது. உச்சங்களின் கணக்கு தெரிந்தவர், நாளைக் குறிக்க முடியாவிட்டாலும், இப்படியொரு நாள் இருக்கிறது என்பதை முன்பே ஒத்துக்கொண்டிருப்பார்.

டிப்பெட் உச்சங்களோடு நிற்கவில்லை. மில் தரையில் அவர் செய்த இன்னொரு வேலை எனக்கு இன்னும் பிடிக்கும். ஒரு தறிக்கூடத்தில் தறிகள் எவ்வளவு நேரம் நிற்கின்றன என்று அறிய, ஒவ்வொரு தறிக்கும் ஓர் ஆளைக் கடிகாரத்தோடு நிறுத்த வேண்டியதில்லை என்றார். அவ்வப்போது கூடத்துக்குள் நடந்து போய், அந்தக் கணத்தில் எத்தனை ஓடுகின்றன, எத்தனை நிற்கின்றன, நிற்பவை எதனால் நிற்கின்றன என்று குறித்தால் போதும். நூறு தறியில் சராசரியாகப் பன்னிரண்டு நிற்கிறது என்றால், ஒரு தறி தன் நேரத்தில் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கை இழக்கிறது. இந்த ஸ்னாப் ரீடிங் முறை பிறகு உலகத் தொழிற்சாலைகள் எல்லாவற்றுக்கும், மருத்துவமனைகளுக்கும்கூடப் பரவியது. கணினி இல்லாத காலத்தில் சமவாய்ப்பு எண்கள் தேவைப்பட்டவர்களுக்காக, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிக்கைகளின் பரப்பளவு எண்களிலிருந்து இலக்கங்களை எடுத்து, 41,600 இலக்கங்கள் கொண்ட அட்டவணையை 1927-இல் வெளியிட்டதும் அவரே.

தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று கோயம்புத்தூரை அழைப்பதை நாம் பெருமையாகச் சொல்கிறோம். 1888-இல் ஸ்டேன்ஸ் தொடங்கிய மில், 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்ததும் பெருகிய மில்கள், கரிசல் மண்ணில் பருத்தி என்று அதற்குக் காரணங்களை அடுக்குவார்கள். மான்செஸ்டரில் நூல் மட்டும் பிறக்கவில்லை, நூலைப் பற்றிய சிந்தனையும் பிறந்தது. அதுவும் நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது. தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கமான சிட்ரா 1956-இல் கோயம்புத்தூரில் தொடங்கியது. மில்கள் ஒன்றோடொன்று தம் உற்பத்தித் திறனை ஒப்பிட்டுப் பார்க்கும் ஆய்வுகளை அது பல பத்தாண்டுகளாக நடத்திவருகிறது. 1974-இல் கோயம்புத்தூர் பருத்தி ஆய்வு மையம் வெளியிட்ட சுவின் ரகம், சுஜாதாவையும் செயின்ட் வின்சென்ட் பருத்தியையும் கலந்து பிறந்தது. 100, 120-ஆம் நம்பர் நூலுக்கு ஏற்ற நீள இழை கொண்டது. நம்பர் ஏற ஏற நூலின் குறுக்குவெட்டில் இழைகளின் எண்ணிக்கை குறைகிறது. ஓரிடத்தில் நான்கைந்து இழைகள் குறைந்தாலும் அது மெலிந்த புள்ளியாகிவிடும். மில் ஆய்வுக்கூடத்தில் முன்பு 120 கஜம் கொண்ட ஒரு லீயை மொத்தமாக இழுத்து உடைப்பார்கள். அது பல இழைகளின் கூட்டு பலத்தைச் சொல்லும். ஒளிந்திருக்கும் மெலிந்த புள்ளியைச் சொல்லாது. இன்று ஒற்றை இழையை ஒரு மணி நேரத்தில் 30,000 முறைவரை இழுத்துப் பார்க்கும் கருவிகள் வந்துவிட்டன. அவற்றின் அறிக்கையில் தேர்ந்த தர மேலாளர் முதலில் பார்ப்பது சராசரியை அல்ல, கீழ்க்கோடியில் சிதறிக் கிடக்கும் சில புள்ளிகளை. டிப்பெட்டின் பெயர் தெரியாமலே அவர் டிப்பெட்டின் மாணவர்.

நூலில் பிறந்த கணக்கை ஆற்றுக்குக் கொண்டுபோனவர் எமில் யூலியஸ் கும்பெல். மேலே சொன்ன இரண்டாவது வடிவம் இன்று இவர் பெயரைத் தாங்குகிறது. 1891-இல் மியூனிக்கில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். முதல் உலகப் போருக்குப் பின் ஜெர்மனியில் நடந்த அரசியல் கொலைகளை அவர் ஒவ்வொன்றாக எண்ணினார். 1922-இல் வெளியான அவருடைய நூல், வலதுசாரிகள் செய்த கொலைகள் 354, இடதுசாரிகள் செய்தவை 22 என்று பட்டியலிட்டு, முதல் வகையில் பெரும்பாலானவை தண்டனையின்றி விடப்பட்டதை வழக்கு வழக்காகக் காட்டியது. இதன் விலையை அவர் கொடுத்தார். 1932-இல் ஹைடல்பெர்க் பல்கலைக்கழகம் அவருடைய கற்பிக்கும் உரிமையைப் பறித்தது. பிரான்சுக்குப் போனார், 1940-இல் அங்கிருந்தும் தப்பி அமெரிக்கா சேர்ந்தார். அங்கே 1941-இல் வெள்ளங்களின் மீள்வுக் காலம் பற்றிய கட்டுரையையும், 1958-இல் உச்சங்களின் புள்ளியியல் என்ற பெருநூலையும் எழுதினார். யாரும் எண்ணத் துணியாததை எண்ணுவது அவருக்கு அரசியலிலும் கணிதத்திலும் ஒரே குணமாக இருந்தது என்றே நினைக்கிறேன்.

காவிரியில் 1924 ஜூலையில் வந்த பெருவெள்ளத்தைக் கொங்கு நாட்டின் ஆற்றங்கரை ஊர்கள் நெடுநாள் பேசின. அடுத்த ஆண்டு தொடங்கி 1934-இல் முடிந்த மேட்டூர் அணையின் பொறியாளர்களிடம் கும்பெலின் கணக்கு இல்லை. கண்ணால் கண்ட வெள்ளமும் அனுபவமும்தான் அவர்களுக்குத் துணை. பவானிசாகர் 1955-இல் முடிந்தபோது கருவி கையில் இருந்தது. அதற்கும் பல நூற்றாண்டு முன்பே நொய்யலின் குளங்களில் மதகு தவிரக் கலிங்கும் கட்டினார்கள். குளம் எவ்வளவு கொள்ளும் என்று மட்டும் யோசிக்காமல், கொள்ளளவை மீறி வரும் நாளில் தண்ணீர் எந்த வழியே போக வேண்டும் என்றும் யோசித்தவர்களின் வேலை அது.

மீள்வுக் காலம் என்பதைப் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். நூறாண்டு வெள்ளம் என்றால், ஒருமுறை வந்துவிட்டால் இன்னும் நூறாண்டுக்குப் பயமில்லை என்று பொருளல்ல. ஒவ்வோர் ஆண்டும் அது வரும் வாய்ப்பு நூற்றில் ஒன்று. போன ஆண்டு வந்ததா என்பதை ஆறு நினைவில் வைத்துக்கொள்வதில்லை. ஒரு வீட்டுக்கடன் முடியும் 30 ஆண்டுகளுக்குள் அந்த வெள்ளம் குறைந்தது ஒருமுறை வரும் வாய்ப்பு நூற்றுக்கு 26. வாய்க்கால் ஓரமாக மனை வாங்குகிறவர் இந்த எண்ணைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை நம்பிப் பல்லடம், உடுமலை வட்டாரங்களில் நிற்கும் காற்றாலைகளுக்கும் இதே கணக்குத்தான். இந்தியத் தரநிர்ணயத்தின்படி கோயம்புத்தூரின் அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 39 மீட்டர்; அது ஐம்பதாண்டு மீள்வுக் காலத்துக்குரிய வேகம். 25 ஆண்டு நிற்கப்போகும் ஒரு கோபுரம் அந்த வேகத்தையோ அதைவிட அதிகத்தையோ சந்திக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 40. அதனால்தான் அதற்கும் மேலே பாதுகாப்புக் காரணி வைத்துக் கட்டுகிறார்கள்.

கண்டிராத ஒன்றைப் பற்றிக் கண்டவற்றை வைத்துப் பேசுவது என்பதுதான் இந்தத் துறையின் துணிச்சலும் ஆபத்தும். நெதர்லாந்தில் 1953-இல் கடல் கரையை உடைத்து 1,800-க்கும் மேற்பட்டோரைக் கொன்றபின், பத்தாயிரம் ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய நீர்மட்டத்தைத் தாங்கும்படி முக்கியக் கரைகளை உயர்த்த முடிவு செய்தார்கள். கையிலிருந்த பதிவுகளோ அந்தக் காலத்தில் மிகச் சிறு பங்கு. மீதி முழுவதையும் அந்த மூன்று வடிவங்களின் பலத்தில்தான் நீட்டினார்கள்.

ஆனால் அந்த நீட்டலுக்கு அடியில் ஒரு நிபந்தனை இருக்கிறது: நாளைய வானம் நேற்றைய வானத்தின் விதிகளையே பின்பற்ற வேண்டும். அது இப்போது உண்மையில்லை. காற்று ஒரு டிகிரி சூடேறினால் சுமார் 7 சதவீதம் அதிக ஈரத்தைத் தாங்கும்; கொட்டும்போது அதிகம் கொட்டும். விதி மாறுகிறதா என்று பார்க்க ஓர் அருமையான சோதனை உண்டு. காலநிலை மாறாமல் இருந்தால், பதிவு தொடங்கிய முதல் ஆண்டு தானாகவே ஒரு சாதனை. இரண்டாம் ஆண்டு அதை முறியடிக்க வாய்ப்பு இரண்டில் ஒன்று, மூன்றாம் ஆண்டுக்கு மூன்றில் ஒன்று, நூறாம் ஆண்டுக்கு நூற்றில் ஒன்று. எல்லாவற்றையும் கூட்டினால் நூறு ஆண்டுகளில் எதிர்பார்க்கக்கூடிய சாதனைகள் ஐந்துக்குச் சற்று மேல், அவ்வளவே. மழைக்கும் வெயிலுக்கும், எந்த ஊருக்கும் இந்த எண் பொருந்தும். பல ஊர்களின் பதிவுகளைச் சேர்த்துப் பார்க்கும்போது அதைவிட மிக அதிகமாகச் சாதனைகள் விழுந்தால், அதுவும் அண்மை ஆண்டுகளில் குவிந்தால், வானத்தின் விதியே மாறிவிட்டது.

இந்தச் சோதனைக்கு வேண்டியது விலை உயர்ந்த கருவி அல்ல, நீண்ட பதிவேடு. வேளாண் கல்லூரி 1906-இல் சைதாப்பேட்டையிலிருந்து கோயம்புத்தூருக்கு வந்தது. அங்கே நூற்றாண்டு கடந்த வானிலைப் பதிவு இருக்கிறது. வால்பாறைத் தேயிலை எஸ்டேட்டுகளிலும், பழைய மில்களிலும், பொதுப்பணித் துறையின் அணைக்கட்டு அலுவலகங்களிலும் நாள்தோறும் மழையளவு எழுதிவைத்த நோட்டுகள் உண்டு. உச்சங்களின் கணக்கில் அறுபது சாதாரண ஆண்டுகளைவிட, யாரோ ஒரு கிளார்க் நனைந்துகொண்டே போய் அளந்து எழுதிய ஒரே ஒரு மோசமான நாள் அதிகம் பேசும். உங்கள் வீட்டிலோ தோட்டத்திலோ அலுவலகத்திலோ அப்படி ஒரு நோட்டு இருந்தால் பழைய பேப்பர் கடைக்குப் போடாதீர்கள். பக்கம் பக்கமாகப் படம் எடுத்து, தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் காலநிலை ஆராய்ச்சி மையத்திடம் கொண்டுபோய்க் கொடுங்கள்.